பழைய ஃபைபர் படகு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

ஃபைபர் படகு மக்காது என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கண்ணாடியிழையும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்து இறுகிய ஓடு நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் உறுதியாக நிற்கும். ஆனால் பெரும்பாலான பழைய மோட்டார் படகுகளில் அந்த ஓட்டுக்குள் மரம் இருக்கிறது. தரைக்கு பிளைவுட், தரையைத் தாங்க நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டங்கள், எஞ்சின் தொங்கும் பின்பலகையின் நடுவில் தடித்த பிளைவுட். எல்லாவற்றின் மேலும் ஃபைபர் போர்த்தியிருப்பதால் வெளியே தெரியாது. என்றைக்கோ ஒருவர் இருக்கையைப் பொருத்த ஒரு ஸ்க்ரூ முடுக்கியிருப்பார். அந்த ஓட்டை வழியாகப் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கி மரத்தைத் தின்றிருக்கும்.

நான் 16 அடிப் படகு ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்துப் புதுப்பித்தேன். பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் இப்படி உள்ளே போன தண்ணீர்தான். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்துக்கொண்டாலும், முதலில் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். வழியை அடைக்காமல் செய்த வேலை சில வருடங்களில் மறுபடி கைக்கு வரும்.

இன்னொன்று, எஞ்சின் ஓடுகிறதா என்பதில்தான் எல்லோருக்கும் முதல் ஆர்வம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எஞ்சினைக் கழற்றி மாற்றலாம். பின்பலகை இற்ற படகில் நல்ல எஞ்சினை மாட்டினால் ஆபத்து. முதலில் உடம்பு, அப்புறம் எஞ்சின்.

தரையில் கால் வைத்தால் அமுங்குகிறது

வெறும் காலோடு தரை முழுக்க மெதுவாக நடந்து பாருங்கள். எங்கே மெத்தை போல இறங்குகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். அடுத்து ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடத்தில் சத்தம் அடங்கி, 'தொப்' என்று கேட்கும். கால் காட்டிய எல்லையைவிடக் காது காட்டும் எல்லை எப்போதும் பெரிதாக இருக்கும்.

சந்தேகமான இடங்களில் 6 மி.மீ. டிரில்லால் சின்ன ஓட்டை போட்டுத் தூளைப் பாருங்கள். துளையிடும்போது கீழே பெட்ரோல் டேங்க், ஒயர், கேபிள் ஓடவில்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். டிரில் முனையில் டேப் சுற்றி, தரைப் பலகையின் கனத்துக்கு மேல் இறங்காதபடி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தூள் வெளிர் நிறத்தில் உலர்ந்து வந்தால் மரம் நல்லது. கரும்பழுப்பாக, ஈரமாக, பூஞ்சை வாடையோடு வந்தால் அந்த இடம் போய்விட்டது. நல்ல மரம் வரும்வரை வெளிநோக்கி நகர்ந்து துளையிட்டுக்கொண்டே போனால், எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற வரைபடம் உங்கள் கையில் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி ஆசை காட்டும். வரிசையாக ஓட்டை போட்டு மெல்லிய எபாக்ஸியை (இரு திரவம் கலந்தால் இறுகும் ரெசின்) ஊற்றினால் மரம் கல்லாகிவிடும் என்பார்கள். ஈர மரம் எபாக்ஸியைக் குடிக்காது. ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் இறுகும், மற்ற இடம் அப்படியே மக்கிக்கொண்டிருக்கும். அமுங்குகிற தரையை வெட்டி எடுப்பதுதான் ஒரே வழி.

வெட்டுவதற்கு முன் இரண்டு வேலை. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோலைக் காலி செய்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். அடுத்து, படகின் அடிப்பாகம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். தரையும் அடிச்சட்டங்களும் சேர்ந்துதான் படகின் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கின்றன. அவற்றை எடுத்ததும் ஓடு தன் எடையாலேயே தொய்யும். தொய்ந்த நிலையில் புதுச் சட்டம் ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். அடியில் பல இடங்களில் கட்டை கொடுத்து, நடுமுதுகு நெடுக நூல் பிடித்து நேராக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேல் விளிம்புகளுக்குக் குறுக்கே இரண்டு மூன்று சட்டம் அடித்து அகலத்தையும் பூட்டிவிடுங்கள்.

ரம்பத்தின் ஆழத்தைத் தரைப் பலகையின் கனத்துக்கு மட்டும் வைத்து, பக்கச் சுவரிலிருந்து ஐந்தாறு செ.மீ. விட்டு வெட்டுங்கள். அந்த ஓரப் பட்டையைப் பிறகு கிரைண்டரால் சாய்வாகத் தேய்த்து எடுக்கலாம். வெட்டிய பழைய பலகையைத் தூக்கிப் போட வேண்டாம்; புதிய பலகைக்கு அதுதான் அச்சு.

தரையைத் தூக்கியதும் அடிச்சட்டங்களையும் அதே முறையில் தட்டித் துளையிட்டுப் பாருங்கள். இற்றிருந்தால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிடுங்காமல், ஒன்றை எடுத்து, புதியதை வைத்து, இறுகிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். எடுக்கும் முன் ஒவ்வொன்றின் உயரத்தையும் அரை மீட்டருக்கு ஒரு தடவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான் படம் எடுத்தால் போதும் என்று நினைத்து ஒரு சட்டத்தை அளக்காமல் விட்டேன். அதன் சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க மட்டும் இரண்டு நாள் போனது.

புதுச் சட்டத்தின் மரம் படகின் ஓட்டுப் பரப்பை நேரடியாகத் தொடக்கூடாது. தொட்டால் அந்தக் கோட்டில் அழுத்தம் குவிந்து, அலையில் அடி வாங்கும்போது வெளிப்பக்கம் விரிசல் விடும். சில மி.மீ. இடைவெளி விட்டு, சிலிக்கா தூள் கலந்து பசை போல் கெட்டியாக்கிய எபாக்ஸியில் உட்கார வையுங்கள். இரண்டு பக்க மூலையிலும் அதே கலவையை வளைவாக இழுத்துவிட்டு, அதன் மேல் கண்ணாடியிழைத் துணியை ஒன்றைவிட ஒன்று அகலமாகப் போட்டு வாருங்கள். கூர்மையான மூலையில் துணி படியாது, காற்று அடைபடும். அந்த வளைவு அதற்குத்தான்.

தரைக்கு வெற்றிடம் இல்லாத மெரைன் பிளைவுட் வேண்டும். பொருத்துவதற்கு முன்பே அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் எபாக்ஸி பூசிவிடுங்கள். ஓரங்கள் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும்; இரண்டு மூன்று பூச்சு தேவைப்படும். பழைய தரைகள் பலவற்றில் அடிப்பக்கம் பூச்சே இல்லாத பச்சைப் பலகையாக இருப்பதைப் பார்ப்பீர்கள். அவை ஏன் இற்றன என்று அதற்கப்புறம் கேட்கவே தேவையிருக்காது.

பிறகு இருக்கை பொருத்தும்போது ஸ்க்ரூவை நேராக மரத்தில் முடுக்காதீர்கள். தேவையைவிடப் பெரிய ஓட்டையாகப் போட்டு, அதைக் கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவு ஓட்டை போடுங்கள். தண்ணீர் ஸ்க்ரூ வழியே இறங்கினாலும் மரத்தைத் தொடாது. இந்தப் படகை முதலில் கட்டியவர்கள் இதைச் செய்திருந்தால் நமக்கு இந்த வேலையே வந்திருக்காது.

எஞ்சினைப் பிடித்து அசைத்தால் பின்பலகை ஆடுகிறது

எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையை டிரான்ஸம் என்பார்கள். அவுட்போர்டு எஞ்சினைப் பாதி அளவு தூக்கி நிறுத்தி, பின்னால் நின்று அதன் அடிமுனையைப் பிடித்து உடல் எடையைக் கொடுத்து இறக்கி விடுங்கள். இன்னொருவர் பக்கத்தில் நின்று பலகையின் மேல் விளிம்பையும் இரு மூலைகளையும் கவனிக்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற அசைவு இருக்கவே கூடாது. கூடவே இவற்றையும் பாருங்கள்: மூலைகளிலிருந்து கிளம்பும் விரிசல், எஞ்சின் போல்ட்டின் வாஷர் ஃபைபருக்குள் புதைந்திருப்பது, மேல் விளிம்பின் மூடுபட்டை திறந்துகொண்டிருப்பது, வடிகால் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிவது.

உள்பக்கத்திலிருந்து அடிப்பகுதியில் ஒரு சோதனை ஓட்டை போடுங்கள். எனக்கு டிரில்லை வெளியே இழுத்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர் வடியத் தொடங்கி, மறுநாள் காலை வரை நிற்கவில்லை. வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்த பலகை அது.

இப்படி இருந்தால் அந்தப் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். முழு வேகத்தில் எஞ்சின் முன்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் இந்தப் பலகைதான் வாங்குகிறது. அது விட்டுக்கொடுத்தால் எஞ்சினோடு படகின் பின்பக்கமும் திறந்துகொள்ளும்.

வேலையின் வரிசை இப்படி: எஞ்சினைத் தூக்கி இறக்குங்கள். பலகையின் கனம், எஞ்சின் உட்கார மேல் விளிம்பில் விட்டிருக்கும் வெட்டின் உயரம், சாய்வுக் கோணம், போல்ட் ஓட்டைகளின் இடம் நான்கையும் அளந்து எழுதுங்கள். பழைய பலகைகள் பெரும்பாலும் 38 முதல் 45 மி.மீ. கனம் இருக்கும், எஞ்சின் வெட்டின் உயரம் பொதுவாக 15, 20, 25 அங்குலம் என்ற கணக்கில் வரும். வெளிப்பக்கத்து ஃபைபர் தோலை அப்படியே விட்டு, உள்தோலை ஓரத்தில் நான்கைந்து செ.மீ. விட்டு வெட்டி எடுங்கள். இற்ற மரத்தை உளியால் தோண்டினால் கொத்துக் கொத்தாக வரும். கீழ் மூலைகளில் மட்டும் நல்ல மரம் விடாப்பிடியாக ஒட்டியிருக்கும். அதற்குப் பொறுமை தவிர வேறு கருவி இல்லை.

மரம் போனதும் வெளித்தோல் துணி போல வளையும். வெளிப்பக்கத்தில் நேரான இரண்டு கட்டைகளை இறுக்கி அதை நேராகப் பிடித்துவைத்த பிறகுதான் அடுத்த வேலை. உள்முகத்தை 36 அல்லது 40 எண் உப்புத்தாள் போட்ட கிரைண்டரால் புது ஃபைபர் தெரியும்வரை தேயுங்கள். பழைய பிசின் மேலோ பெயின்ட் மேலோ எதுவும் ஒட்டாது.

புது மரத்துக்கு 18 மி.மீ. மெரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி, பழைய கனம் வரும்படி இடையிலோ மேலோ ஃபைபர் அடுக்கு சேர்த்துக்கொள்ளலாம். ஒட்டும் முகங்களில் முதலில் தூள் கலக்காத எபாக்ஸியைப் பூசி ஊறவிடுங்கள். பிறகு கெட்டி எபாக்ஸியைப் பல்வைத்த கரண்டியால் பரப்பி அழுத்துங்கள். சுற்றிலும் எல்லா ஓரத்திலும் பசை பிதுங்கி வந்தால்தான் உள்ளே வெற்றிடம் இல்லை என்று அர்த்தம். கிளாம்பை வெறிகொண்டு இறுக்கினால் பசை முழுக்க வெளியே போய் இணைப்பு காய்ந்துவிடும், பிதுங்கியதும் நிறுத்துங்கள். உள்பக்க மூலைகளை வளைவாக நிரப்பி, பக்கச் சுவர் வரை ஏறும்படி மூன்று நான்கு அடுக்கு தைத்த இழைத்துணி போடுங்கள். பலகையின் சுமை பக்கச் சுவருக்குப் போய்ச் சேர்வது இந்த அடுக்குகள் வழியாகத்தான். அதனால் இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக வடிகால் ஓட்டை. பழைய படகுகளில் பித்தளைக் குழாய் ஒன்று பலகையைத் துளைத்து நிற்கும். அதன் விளிம்பில் முடி அளவு விரிசல் விட்டாலே பலகையின் அடிமரம் ஊற ஆரம்பிக்கும். அந்த ஓட்டையையும் எஞ்சின் போல்ட் ஓட்டைகளையும் மேலே சொன்னபடி பெரிதாகப் போட்டு, நிரப்பி, மறுபடி துளையுங்கள்.

படகு இருக்க வேண்டிய எடையைவிட அதிகமாக இருக்கிறது, பின்பக்கம் தாழ்கிறது

தரைக்கு அடியில் அடைத்திருக்கும் பாலியூரிதேன் நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. இந்த நுரை தண்ணீர் புகாதது என்றுதான் வைக்கப்படுகிறது. ஆனால் வருடக்கணக்கில் தேங்கிய நீரில் கிடந்தால் அறைகள் ஒவ்வொன்றாக உடைந்து நிரம்பும். உலர்ந்த நுரை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 32 கிலோதான். ஊறியது பல மடங்கு கனக்கும். டிரெய்லரோடு எடைமேடையில் நிறுத்தி, டிரெய்லர் எடையைக் கழித்து, உற்பத்தியாளர் கொடுத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அல்லது பின்பக்கம் தரையின் தாழ்ந்த இடத்தில் ஒரு வட்டத் துண்டை வெட்டி, நுரையை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். கையில் சொட்டினால் பதில் கிடைத்துவிட்டது.

அதை உள்ளே வைத்தே உலர்த்த முடியாது. வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்தினாலும் மேல் அடுக்கு மட்டும்தான் காயும். மண்வெட்டியால் வெட்டி அள்ளிவிடுங்கள். அள்ளிய பிறகு நுரையே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. படகுக்குள் தண்ணீர் நிரம்பினாலும் அது மூழ்காமல் மிதக்க வைப்பது அந்த நுரைதான். சில படகுகளில் தரைக்கு விறைப்பும் அதுதான் தருகிறது. இரு திரவம் கலந்து ஊற்றும் படகு நுரையைச் சிறு சிறு அளவாக ஊற்றுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் பொங்கும் அழுத்தத்தில் தரையே மேலே புடைக்கும். கட்டட இடுக்குகளில் அடிக்கும் ஸ்ப்ரே நுரை இதற்கு உதவாது. நடுமுதுகு நெடுகத் தண்ணீர் பின்பக்கம் ஓடி வர ஒரு வாய்க்கால் விட்டுவையுங்கள். முன்பு நுரை ஊறியதற்கே அந்த வழி அடைபட்டதுதான் காரணமாக இருந்திருக்கும்.

ரெசின் இறுகவில்லை, அல்லது கோப்பையிலேயே புகைகிறது

பாலியஸ்டர் ரெசின் மேற்பரப்பில் மட்டும் பிசுபிசுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். காற்று பட்ட முகம் முழுதாக இறுகாது. அடுத்த அடுக்கு ஒட்ட அது உதவியும் செய்யும். கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகு கலந்த ரெசினைப் பயன்படுத்துங்கள். அடிவரை இளகி இருந்தால் வினையூக்கி குறைந்திருக்கும், அல்லது குளிர் அதிகம். எம்.இ.கே.பி. எனப்படும் அந்த வினையூக்கி பொதுவாக எடையில் 1 முதல் 2 சதவீதம். வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எபாக்ஸி வேறு கதை. அதில் ஹார்டனரின் (இறுக வைக்கும் இரண்டாவது திரவம்) விகிதம் நிலையானது. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் எப்போதுமே இறுகாது. பிசுபிசுப்பாக நின்றுவிட்டால் அளவு தவறியிருக்கும், அல்லது கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்கவில்லை. மேலே புதுப் பூச்சுப் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்வதுதான் வழி. நன்றாக இறுகியும் மேலே மெழுகு மாதிரி வழவழப்பு இருந்தால், அது அமீன் படலம். தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தைப் பரப்பிவிடுவோம், அடுத்த பூச்சு உரியும்.

கோப்பை சூடாகிப் புகைந்தால் அதிக அளவை ஒரே கோப்பையில் கலந்துவிட்டீர்கள். உடனே வெளியே, தீப்பிடிக்காத தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இனி குறைவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிப் பயன்படுத்துங்கள்.

ஒட்டிய அடுக்கு தோல் மாதிரி உரிந்து வருகிறதா? அடிமுகம் தேய்க்கப்படவில்லை, அல்லது ஈரம் இருந்திருக்கிறது. இறுகிய பழைய ஃபைபர் மேல் எபாக்ஸிதான் நன்றாகப் பிடிக்கும். பழுது பார்க்கும் வேலைக்கு விலை கூடினாலும் நான் எபாக்ஸியையே சொல்வேன். ஒரு நிபந்தனை: பாலியஸ்டர் வேலைக்கென்று வரும் நறுக்கிய இழைப் பாயை எபாக்ஸியோடு போடாதீர்கள். அதைப் பிணைக்கும் பொடி பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் பாய் விறைப்பாகவே நிற்கும். ஓட்டில் பெரிய ஓட்டையை அடைக்கும்போது விளிம்பைக் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேயுங்கள். 5 மி.மீ. ஓட்டுக்கு 6 செ.மீ. சாய்வு.

பாதுகாப்பு பற்றி இங்கே அழுத்திச் சொல்கிறேன். எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம்; கண்ணாடி இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். அதைக் கோபால்ட் ஊக்கியோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். அசிடோனோடும் சேர்க்கக் கூடாது. கிரைண்டர் தூசிக்குத் துணி முகக்கவசம் போதாது. நுண்தூசி வடிகட்டியும் கரிம ஆவி வடிகட்டியும் பொருத்தும் ரப்பர் முகமூடி வேண்டும். இழைத்தூசி பட்டு அரித்தால் முதலில் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள்.

மேற்பூச்சு வெளிறிவிட்டது, கீறலாக இருக்கிறது, கொப்புளம் தெரிகிறது

வெள்ளைத்தூள் கையில் ஒட்டினால் அது வெயில் தின்ற ஜெல்கோட், அதாவது ஃபைபர் மேல் இருக்கும் நிறப் பூச்சு. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்; நனைந்ததும் பழைய நிறம் தெரிந்தால் மீட்டுவிடலாம். 800, 1000, 1500 என்று ஈரத் தாள் போட்டு, பாலிஷ் செய்து, மெழுகு பூசினால் போதும். ஜெல்கோட் அரை மி.மீ. அளவுதான் இருக்கும், அதனால் அடக்கித் தேயுங்கள். இழை தெரிய ஆரம்பித்தால் இனி பெயின்ட்தான்.

மயிரிழை விரிசல்கள் எந்த வடிவில் இருக்கின்றன என்று பாருங்கள். நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து விரிந்தால் ஏதோ மோதியிருக்கிறது. உள்பக்கம் போய் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையாக வரிசையாக ஓடினால் அந்த இடம் வளைகிறது, அடியில் தாங்கல் போயிருக்கிறது. ஒரு போல்ட்டைச் சுற்றி இருந்தால் அதிகமாக முடுக்கியிருக்கிறார்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் பட்டி வைத்தால் முதல் அலையிலேயே அதே கோடு திரும்பத் தெரியும். சரிசெய்த பின் விரிசலை வி வடிவில் விரித்து ஜெல்கோட் பசை நிரப்பி, காற்றுப் படாமல் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள். எபாக்ஸி வைத்த இடத்தின் மேல் ஜெல்கோட் சரியாக இறுகாமல் போகலாம். அங்கே பெயின்ட் பாதுகாப்பானது.

நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளம் இருந்தால், தண்ணீர் ஜெல்கோட்டை ஊடுருவி உள்ளே கரைசலாகி அழுத்தம் கொடுக்கிறது. குத்தினால் பீய்ச்சும், காடி வாடை அடிக்கும். கண்ணாடி அணிந்துகொண்டு குத்துங்கள். டிரெய்லரில் வைத்து ஓட்டும் படகில் இது அரிது. வருடம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் படகில் சகஜம். நாலைந்து சின்னக் கொப்புளத்தால் படகு மூழ்கிவிடாது, அவசரம் இல்லை. தோண்டித் திறந்து, நல்ல தண்ணீரில் பல முறை கழுவி, வாரக்கணக்கில் உலரவிட்டு எபாக்ஸி பட்டியால் நிரப்புங்கள். உலர்ந்ததா என்று பார்க்க, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி விடுங்கள். மறுநாள் தாளுக்கு அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஏறுகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை

நின்றிருக்கும்போதா, ஓடும்போது மட்டுமா, மழையிலா? இந்த ஒரு கேள்வி தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். நிற்கும்போதே ஏறினால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்: வடிகால் அடைப்பான், ஆழமானி ஸ்க்ரூக்கள், எஞ்சின் போல்ட்டுகள். ஓடும்போது மட்டும் ஏறினால் மேல்தளமும் அடிக்கூடும் சேரும் விளிம்பு, முன்பக்க இழுவளையம், பின்பக்கக் கேபிள் ஓட்டைகளின் ரப்பர் உறை.

டிரெய்லரில் நிறுத்தி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, உள்ளே ஐந்தாறு செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ என்பது நினைவிருக்கட்டும். நிறைய விட்டால் டிரெய்லர் கட்டைகள் படகின் அடியை நெளித்துவிடும். வெளியே எங்கே ஈரம் அரும்புகிறதோ அங்கே பென்சிலால் குறியிடுங்கள்.

என் படகில் முன்பு வைத்திருந்தவர் எல்லாவற்றுக்கும் சிலிகான் பிதுக்கியிருந்தார். அதன் எச்சம் இருக்கும் இடத்தில் வேறு எந்தப் பசையும் பெயின்ட்டும் பிடிக்காது. சுரண்டி, தேய்த்து, கரைப்பானால் துடைத்து எடுக்கவே ஒரு வாரம் ஆனது. நீர்மட்டத்துக்குக் கீழே பாலியூரிதேன் அல்லது பாலிசல்ஃபைடு சீலன்ட் போடுங்கள். முதலில் ஸ்க்ரூவை மெதுவாக முடுக்கி, சீலன்ட்டைக் கொஞ்சம் இறுக விட்டு, மறுநாள் கடைசித் திருப்பு கொடுங்கள். ஒரேயடியாக முடுக்கினால் சீலன்ட் முழுக்க வெளியே வழிந்துவிடும்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பழைய ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள், மேலே வெடிப்புத் தெரிந்தால் எல்லாக் குழாயையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். தரைக்கு அடியில் அலுமினிய டேங்க் இருந்தால், ஈர நுரை ஒட்டியிருந்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள் விழுந்திருக்கலாம். தரை திறந்திருக்கும்போதே அதை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். உள்ளே பொருத்திய எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் மாற்றினால் படகுக்கென்று செய்தவைதான் வேண்டும். காருக்கானவை பொறியை வெளியே விடும்.

எஞ்சின் கோளாறுகள்

ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை: கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறதா? 12.2 என்றால் பாதிதான் மிச்சம். வோல்ட் சரியாக இருந்தும் 'டிக்' சத்தம் மட்டும் வந்தால் முனைகளில் பச்சை பூத்திருக்கும். ஒயரின் தோலைச் சீவிப் பாருங்கள்; செம்பு கறுத்திருந்தால் உள்ளே வெகுதூரம் அரித்திருக்கிறது. வீட்டு ஒயரைப் போடாமல் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

சுற்றுகிறது, பற்றவில்லை: அவசர நிறுத்தக் கயிறு மாட்டியிருக்கிறதா என்பதுதான் முதல் பார்வை. அப்புறம் பொறி, பெட்ரோல், அழுத்தம் என்ற வரிசை. சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் பணத்தைச் செலவழிக்கும் முன் யோசியுங்கள். பழைய பெட்ரோல் இருந்தால் அதோடு முயற்சியே செய்யாதீர்கள். கார்புரேட்டரின் நுண்துளைகளில் அரக்கு மாதிரி படிந்திருக்கும், கழற்றிக் கழுவ வேண்டும்.

ஓடிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது: பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்ப்பைப் பாருங்கள். சப்பையாக ஒட்டியிருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு; பெரும்பாலும் டேங்கின் காற்றுத்துளை மூடியிருக்கும். கையால் அமுக்கும்போது மட்டும் எஞ்சின் சுதாரித்தால் எரிபொருள் பம்ப் பலவீனம், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. எத்தனை அமுக்கினாலும் கெட்டிப்படவில்லை என்றால் அதன் வால்வு போயிருக்கும், இல்லையேல் அம்புக்குறி திசை மாற்றி மாட்டியிருக்கும்.

எஞ்சினின் பின்பக்கத் துளையில் குளிர்நீர் மெலிதாக வருகிறது: முதலில் மெல்லிய கம்பியால் துளையைக் குத்துங்கள், குளவி மண் கூடு கட்டியிருக்கலாம். அப்படியும் வராவிட்டால் இம்பெல்லர், அதாவது குளிர்நீரை மேலே ஏற்றும் ரப்பர் சுழலி. பழைய படகு வாங்கினால் கேள்வியே கேட்காமல் இம்பெல்லரை மாற்றிவிடுவது நல்லது. பழையதில் ஓர் இதழ் குறைந்திருந்தால் அந்தத் துண்டு மேலே எங்கோ குளிர்நீர்ப் பாதையில் சிக்கியிருக்கிறது. தேடி எடுக்க வேண்டும். தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஒரு நொடிகூட எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள், ரப்பர் உலர்ந்து கருகும்.

கியர் எண்ணெய் பால் நிறத்தில் வருகிறது: தண்ணீர் புகுந்திருக்கிறது. ப்ரொப்பல்லரைக் கழற்றுங்கள். பின்னால் தூண்டில் நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்க வாய்ப்பு அதிகம். புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக மேல்துளையில் வழியும்வரை ஏற்றுங்கள்.

எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை: ப்ரொப்பல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது. நடுப்பகுதியிலிருந்து இதழ்ப்பகுதி வரை ஒரே கோடாக மார்க்கரால் இழுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் சந்தேகமே இல்லை.

வேகம் எடுத்ததும் முன்பக்கம் குதிக்கிறது, அல்லது தண்ணீரில் குத்துகிறது

எஞ்சினின் சாய்வையும் சுமையையும் மாற்றிப் பார்த்தும் தீரவில்லை என்றால், அடிப்பாகம் கோணியிருக்கலாம். பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஒன்றரை மீட்டர் நேர்கட்டையை அடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் உட்குழிவு, அது மூக்கைக் கீழே அழுத்தும். இரு முனைகளில் இடைவெளி இருந்தால் வெளிப்புடைப்பு, அது குதிக்க வைக்கும். பின்பலகை வரை எட்டாத குட்டையான டிரெய்லர் கட்டைகளில் வருடக்கணக்கில் நின்ற படகுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். கட்டையை நீட்டிய பிறகு, கெட்டி எபாக்ஸி வைத்து நேர்கட்டையால் இழுத்துச் சமன் செய்யலாம். மெதுவான வேலை, ஆனால் படகின் நடையே மாறிவிடும்.

முதல் தடவை இறக்கும்போது

டிரெய்லரிலிருந்து கயிற்றை அவிழ்க்காமலே பின்பக்கம் மட்டும் மிதக்கும்வரை இறக்கி, கால் மணி நேரம் அப்படியே நிறுத்துங்கள். டார்ச் அடித்து வடிகால் ஓட்டை, எஞ்சின் போல்ட்டுகள், புதுத் தரையின் ஓரங்கள் மூன்றையும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மேலே இழுத்துவிடுங்கள். உலர்ந்திருந்தால் கரையை ஒட்டியே பத்து நிமிடம் ஓட்டி, திரும்பி வந்து எஞ்சின் போல்ட்டுகளை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள். புதுப் பலகையில் முதல் ஓட்டத்துக்குப் பிறகு அவை கொஞ்சம் தளர்வதுண்டு.